ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது: தினமும் எழுதிய அனுபவம்

2021 ஜனவரியில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒரு டஜன் வாங்கினேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு தினமும் ஒரு பக்கம் என்று கணக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது, எது புரியவில்லை, இவ்வளவுதான் எழுதுவேன்.

முதல் மூன்று மாதம் பெரிதாகப் பலன் இல்லை. 'இன்று வேலை அதிகம்' என்கிற மாதிரி வரிகள்தான். அதிகம் என்றால் எத்தனை பீஸ், எதனால் என்று என்னையே கேட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் நோட்டு உபயோகப்பட்டது.

ஒரு லேத்தில் போர் சைஸ், அதாவது பீஸில் குடையும் துளையின் அளவு, அவ்வப்போது 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 15 பங்கு) தள்ளிப்போகும். ஆபரேட்டர் டூலைக் குறை சொல்வார், நான் மெட்டீரியலைச் சொல்வேன். ஒருநாள் 'திங்கள், காலை 7 மணி, 4 பீஸ் ரிஜெக்ட்' என்று எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். முந்தைய இரண்டு தடவையும் அதே திங்கட்கிழமை காலை! ஞாயிறு முழுக்க நின்றிருந்த மெஷின். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 12 மைக்ரான் நீளும். குளிர்ந்து கிடந்த பால் ஸ்க்ரூ (மெஷினின் அச்சுகளை நகர்த்தும் திருகுத் தண்டு) ஓட ஓடச் சூடேறி நீள, சைஸ் நகர்ந்திருக்கிறது. ஐடிஐயில் படித்த விஷயம்தான். மூன்று திங்கட்கிழமைகளையும் என் கையெழுத்தில் சேர்த்துப் பார்க்கிறவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது திங்கட்கிழமைகளில் 20 நிமிடம் மெஷினைச் சும்மா ஓடவிட்டுத்தான் முதல் பீஸைப் போடுகிறோம்.

ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்கும் இதைச் சொன்னேன். மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதியை நாலு தடவை சத்தமாகப் படித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். இரண்டு வரியில் பேனா நின்றுவிட்டது. "தெரியும்னுதான்பா நினைச்சேன்" என்றாள். எந்த இடத்தில் நின்றதோ அங்கே மட்டும் திரும்பப் படித்தாள்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

போன வருடம் வீட்டுப் பாகம் விஷயமாகத் தம்பியோடு மனஸ்தாபம். கோபத்தில் மூன்று பக்கம் எழுதினேன். கடைசியில் வந்து விழுந்த வரி, 'அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் வரவில்லை.' மறுநாள் போன் போட்டு அதைத்தான் கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம், பாகத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

குறை என்றால், பழையதைத் தேடுவது கஷ்டம். ஒவ்வொரு நோட்டிலும் கடைசி நான்கு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டபிறகு பரவாயில்லை. அப்புறம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரம்பூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கட்டிலடியில் இருந்த இரண்டு நோட்டு ஊறிவிட்டது. இங்க் பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலமாகக் கரைந்துபோனது. பால்பாயிண்ட் பக்கங்களை மின்விசிறிக்கு அடியில் காயவைத்துப் படிக்க முடிந்தது. அதிலிருந்து பால்பாயிண்ட் மட்டும்தான், நோட்டுகளும் பரண்மேல்தான்.