யிப்பா, நைன்ச்சேவா, கிக்கரா: டச்சுப் பிள்ளைப் புத்தகங்களில் எதை முதலில் எடுப்பது?

நெதர்லாந்தில் பிள்ளைகள் 4 வயதிலேயே பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதோ 6 வயதில், குரூப் 3 என்ற மூன்றாம் வகுப்பாண்டில்தான் தொடங்கும். நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளும் காதுக்கு உரியவை. பாட்டு, கதை, விளையாட்டுத் திடலின் சண்டை, சமாதானம் என்று எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே போகும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் வாசித்துக் காட்டும் புத்தகம் பெரிய துணை. பணம் இங்கே தடையே இல்லை. 18 வயது வரை பொது நூலகத்தில் பெரும்பாலும் உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஆனால் அலமாரி முன்னால் போய் நின்றால் எதை எடுப்பது என்றே தெரியாது. விருது முத்திரை உள்ளதை எடுப்பவர்கள் உண்டு, முதுகில் ஒட்டிய வாசிப்பு நிலை எழுத்தைப் பார்த்து எடுப்பவர்களும் உண்டு. நான் பார்ப்பது வேறொன்று: புத்தகத்துக்குள் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா? அந்தப் பேச்சைப் பிள்ளை மறுநாள் பள்ளியில் எடுத்துப் புழங்க முடியுமா? கீழே உள்ள ஒப்பீடுகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

எல்லார் கையிலும் முதலில் வந்து சேர்வது நைன்ச்சே. வெளிநாடுகளில் மிஃபி என்ற பெயரில் சுற்றும் அதே வெள்ளை முயல்குட்டி. உத்ரெக்ட் நகரத்து டிக் ப்ரூனா 1955-இல் உருவாக்கியது. 1963 முதல் கைக்கு அடக்கமான சதுரப் புத்தகமாக வருகிறது. ஒரு பக்கம் நான்கு வரிப் பாட்டு, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு படம். கறுப்புக் கோடு, சில தெளிந்த வண்ணங்கள், எப்போதும் நம்மை நேராகப் பார்க்கும் முகம். 2 வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுத்தமான படத்தை யாரும் வரைந்துவிட முடியாது. பாட்டி முயல் இறந்துபோவதைச் சொல்லும் புத்தகம்கூட இந்த வரிசையில் இருக்கிறது. கண்ணீரை மறைக்காமல், பிள்ளையைப் பயமுறுத்தாமல் சாவைச் சொல்லியிருக்கிறார் ப்ரூனா.

ஆனால் மொழி கற்கும் பிள்ளைக்கு இதில் ஒரு குறை உண்டு. இயைபுக்காக வரிகளில் சொற்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஓசை காதில் நிற்கும், ஆனால் பள்ளித் திடலில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். எழுத்து பழகும் வயதில் இன்னொரு சிக்கல்: ப்ரூனா பெரிய எழுத்தே பயன்படுத்துவதில்லை, வாக்கியத் தொடக்கமும் பெயரும்கூட சின்ன எழுத்தில்தான். ஆகவே நைன்ச்சேவை மடியில் வைத்துப் பாடிக் காட்டுங்கள், 3 வயதோடு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அந்த அடுத்தது, என் கணக்கில், யிப்பும் யான்னகேயும். ஆன்னி எம். ஜி. ஸ்மிட் 1952 முதல் 1957 வரை ஹெட் பரோல் நாளிதழில் எழுதிய குட்டிக் கதைகள் இவை. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர். முதல் கதையில் வேலியில் உள்ள ஓட்டை வழியாக யிப் புதுச் சிறுமியான யான்னகேயைப் பார்க்கிறான், தலையை நுழைக்கிறான், மாட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான் சம்பவம். ஒவ்வொரு கதையும் ஓரிரு பக்கம், தூங்கும் முன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பது முழுக்கப் பேச்சு. 'எனக்கும் வேணும்', 'இல்லை, நான்தான் முதல்ல', 'நீ வர்றியா?', 'அது என்னோடது' என்று நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லுமோ அத்தனையும் சரியான, இயல்பான டச்சில் இருக்கிறது. வாக்கியங்கள் குட்டி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். டச்சை இப்போதுதான் கற்கும் அம்மாவோ அப்பாவோ தடுமாறாமல் வாசித்துக் காட்டலாம், கூடவே தாங்களும் கற்றுக்கொள்ளலாம். பெற்றோர் வகுப்பில் படிக்கும் டச்சு அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் ஆனது. பிள்ளையைக் கெஞ்சவும் கண்டிக்கவும் சிரிக்கவைக்கவும் வேண்டிய டச்சு இந்தக் கதைகளில்தான் கிடைக்கும்.

குறையும் சொல்லிவிட வேண்டும். இது 1950-களின் வீடு. அம்மா சமையலறையில், அப்பா வேலையில், யான்னகே கையில் பொம்மை. சில கதைகளில் இது உறுத்தும். நான் அதைத் தாண்டிப் போகச் சொல்ல மாட்டேன். 'நம்ம வீட்டில் இப்படியா?' என்று நிறுத்திக் கேட்டால் பிள்ளை பேசத் தொடங்கிவிடும். இன்னொன்றும் எனக்கு மிகப் பிடித்தது. ஃபீப் வெஸ்டன்டார்ப் வரைந்த படங்களில் பிள்ளைகள் இருவரும் வெறும் கறுப்பு நிழலுருவங்கள். அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் தன்னை யிப்பாகவோ யான்னகேயாகவோ நினைத்துக்கொள்ளலாம்.

மக்ஸ் ஃபெல்ட்ஹவுஸின் கிக்கர் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட குளியல் கால்சட்டை அணிந்த பச்சைத் தவளை. கூட வாத்து, பன்றி, முயல். 1989-இல் வெளிவந்த முதல் புத்தகத்தில் அவனுக்குக் காதல் வந்துவிடுகிறது, உடம்பு சரியில்லையோ என்று பயப்படுகிறான். ஃபெல்ட்ஹவுஸுக்கு 2004-இல் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. மொழியில் நைன்ச்சேயின் இயைபும் இல்லை, யிப்பின் சலசலப்பும் இல்லை. நிதானமான உரைநடை. டச்சு வாக்கிய அமைப்பைக் காதில் பதியவைக்க இது போதும். ஆனால் கிக்கரை நான் எடுக்கச் சொல்வது மொழிக்காக மட்டுமில்லை. 1993-இல் வந்த புத்தகத்தில் ஊருக்குப் புதிதாக ஓர் எலி வந்து கூடாரம் போடுகிறது. எலிகள் அழுக்கு, எலிகள் திருடும் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கிக்கர் மட்டும் போய்ப் பார்க்கிறான். வகுப்பில் நிறத்தையோ பெயரையோ வைத்து ஒரு சொல் விழுந்து பிள்ளை முகம் வாடி வரும் நாளில், அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு இதை எடுத்து வாசியுங்கள்.

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் ஏவிஐ என்ற நிலைமுறை குறுக்கே வரும். எம்3 என்றால் குரூப் 3-இன் நடுப்பகுதி, இ3 என்றால் அதன் முடிவு. இப்படியே மேலே போகும். வாக்கிய நீளத்தையும் சொல்லின் கடினத்தையும் அளந்து தரும் குறியீடு அது. கதை நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பள்ளியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய அது வேண்டும். ஆனால் வீட்டிலும் அந்த நிலைக்குள்ளேயே பிள்ளையை அடைத்துவிட்டால் படிப்பு வெறும் பயிற்சியாகிவிடும். தானே படிப்பதற்கு நிலைக்கு ஏற்ற புத்தகம், வாசித்துக் காட்டுவதற்கு அதைவிட இரண்டு மூன்று படி மேலான புத்தகம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

7, 8 வயதில் அந்த இரண்டு இடங்களுக்கும் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். பௌல் ஃபான் லோன் எழுதிய டோல்ஃப்யே வேர்வோல்ஃப்யே தொடரில், 7 வயதாகும் கண்ணாடி போட்ட பையன் முழுநிலவில் வெள்ளை ஓநாயாக மாறுகிறான். பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஆபத்து. குட்டி அத்தியாயம், பெரிய எழுத்து, அடுத்து என்ன என்ற இழுப்பு. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கும் தொடர் இது, படிக்கட்டும். ஆனால் மொழிச் செல்வம் வேண்டுமென்றால் ஸ்மிட்டிடமே திரும்ப வேண்டும். 1971-இல் நூலாக வந்த ப்ளுக் ஃபான் டெ பெட்டஃப்லெட், என் பார்வையில், டச்சில் வாசித்துக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவற்றில் தலைசிறந்தது. சிவப்புப் பாரந்தூக்கி வண்டி வைத்திருக்கும் ப்ளுக் உயரமான அடுக்குமாடியின் உச்சி அறையில் தனியாகக் குடியேறுகிறான். புறா ஒன்றும் கரப்பான்பூச்சி ஒன்றும் தோழர்கள். கீழே சுத்தப் பித்துப் பிடித்த ஓர் அம்மாவும், அழுக்காகிவிடுமே என்று விளையாடவே விடப்படாத அவர் மகளும். இடையில் ஒரு தோட்டத்தை அழித்துக் கல் பாவப் போகிறார்கள், அதைக் காப்பாற்ற வேண்டும். டோல்ஃப்யேவில் சம்பவம் ஓடும், ப்ளுக்கில் ஒவ்வொரு ஆளும் தன் குரலில் பேசுவார். வாசிப்பவர் குரல் மாற்றி மாற்றிப் பேசினால் பிள்ளை விடாது. தடித்த புத்தகமே என்று பயப்பட வேண்டாம், அத்தியாயங்கள் சிறியவை. டச்சு உச்சரிப்பில் தயக்கம் உள்ள பெற்றோர் நூலகத்தில் ஒலிப்புத்தகம் எடுத்துப் பிள்ளையோடு சேர்ந்து கேட்கலாம்.

10 வயதைத் தொடும்போது தேர்வு மாறுகிறது. கேரி ஸ்லேயின் ஸ்பைட் (1996) பல பள்ளிகளில் கைமாறும். வகுப்பில் ஒரு பையனைக் கொடுமைப்படுத்துகிறார்கள், முடிவு சாவு. உண்மையான அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் 12 வயதுக்கு முன் தர மாட்டேன், தரும்போது பெற்றோரும் படித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே கூஸ் கவ்யரின் பொல்லக்கே தொடரைத் தரலாம். 1999-இல் தொடங்கியது, முதல் புத்தகத்துக்கு டச்சுப் பிள்ளை இலக்கியத்தின் தங்க விருதான ஹவுடன் ஃக்ரிஃபல் கிடைத்தது. 11 வயதுப் பொல்லக்கே கவிஞராக விரும்புகிறாள். அவளுடைய மொராக்கோ வம்சாவழித் தோழன் மிமூன் அதை ஏற்கவில்லை. அப்பா போதைக்கு அடிமை, அம்மாவின் மனம் வகுப்பு ஆசிரியர் பக்கம் போகிறது, பண்ணையில் இருக்கும் தாத்தா பாட்டி சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பவர்கள். இத்தனையையும் பிள்ளை ஒருத்தியின் குரலில் சிரிப்பும் வலியுமாகச் சொல்கிறார் கவ்யர். வீட்டில் ஒரு வழக்கமும் வெளியில் வேறு வழக்கமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் தங்கள் வாழ்க்கை தெரியும். சில பெற்றோருக்கு இது சங்கடமாக இருக்கும். இருந்தாலும் கொடுங்கள்.

கடைசிப் போட்டி பெரிய புத்தகங்களுக்குள். டோங்கே த்ராக்ட் 1962-இல் எழுதிய டெ ப்ரீஃப் ஃபோர் டெ கோனிங் ஒருபுறம், யான் டெர்லவ் 1972-இல் எழுதிய ஓர்லொக்ஸ்விண்டர் மறுபுறம். அடிப்படையில் இரண்டும் ஒரே முடிச்சு: ஒரு பையனிடம் ஒரு கடிதம் ஒப்படைக்கப்படுகிறது, அவன் அதைக் காக்க வேண்டும். த்ராக்ட்டின் தியூரி 16 வயதுக்காரன். மறுநாள் வீரப் பட்டம் சூட வேண்டியவன் இரவெல்லாம் கோவிலில் மௌனமாகக் காத்திருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. திறக்கக் கூடாது என்பது விதி. உதவி கேட்கும் குரலைக் கேட்டு அவன் திறக்கிறான். அங்கிருந்து மலைகளைக் கடந்து ஓர் அரசரிடம் கடிதம் சேர்க்கும் பயணம். டெர்லவின் மிஃகீலுக்குக் கற்பனை நாடு இல்லை. 1944-45-இன் பட்டினிக் குளிர்காலம், ஜெர்மானியப் பிடியில் ஒரு கிராமம், ஊர் மேயரான அப்பா, காயம்பட்டு ஒளிந்திருக்கும் ஆங்கிலேய விமானி. யாரை நம்புவது என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி.

எழுத்தில் த்ராக்ட்தான் உயரம். ஜகார்த்தா படேவியாவாக இருந்த காலத்தில் அங்கே பிறந்து, போரில் ஜப்பானிய முகாமில் அடைபட்டு, அங்கேயே கதை எழுதத் தொடங்கியவர் அவர். வாக்குக் கொடுத்தால் காப்பது பற்றி அவர் எழுதுவதில் ஒரு வரிகூடப் பொய்யாகப் படாது. ஆனால் முதலில் நான் ஓர்லொக்ஸ்விண்டரைத்தான் கொடுப்பேன். த்ராக்ட்டின் புத்தகம் நானூறு பக்கத்தைத் தாண்டும், காடும் கோட்டையும் வீரர் மரபும் நிறைந்த நடை. டெர்லவ் குட்டி வாக்கியங்களில் நேராகச் சொல்கிறார், பாதி அளவில் முடித்தும்விடுகிறார். தவிர, ஒவ்வொரு மே 4-ஆம் தேதி இரவு 8 மணிக்கு நாடு முழுதும் இரண்டு நிமிடம் அமைதி காக்கும்போது அது எதற்கென்று பிள்ளைக்கு இந்தப் புத்தகம் புரியவைக்கும். 1980-களில் ஈழத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் கதையில் படிக்க வேண்டியவை அல்ல. மிஃகீல் சைக்கிளில் இருட்டுக்குள் போகும் பக்கங்களைப் பேரப்பிள்ளை வாசித்தால் தாத்தா பாட்டிக்குச் சொல்ல நிறைய இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

தேயா பெக்மன் 1973-இல் எழுதிய க்ரவுஸ்டொக்ட் இன் ஸ்பைக்கர்ப்ரூக்கும் இதே வயதுக்குத்தான். ஜீன்ஸ் போட்ட பையன் கால இயந்திரத்தில் 1212-க்குப் போய்ப் பிள்ளைகளின் சிலுவைப் போர்ப் பயணத்தில் மாட்டிக்கொள்வான். வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு மூன்றிலும் இதுவே வேகமாக ஓடும்.

வாங்க நினைப்பவர்கள் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஏப்ரல் 27 அரசர் தினச் சந்தையில் பிள்ளைகள் தெருவில் விரிப்புப் போட்டுத் தங்கள் பழைய புத்தகங்களைச் சில்லறைக்கு விற்பார்கள். பழம்பொருள் கடைகளிலும் யிப், கிக்கர், டெர்லவ் அநேகமாக இருக்கும். வாங்கும்போது அச்சான ஆண்டைப் பாருங்கள். 1995-இல் டச்சு எழுத்துமுறை திருத்தப்பட்டது. வாசித்துக் காட்ட எந்தப் பதிப்பும் ஆகும். குரூப் 3, 4-இல் எழுத்துக் கற்கும் பிள்ளை தானே படிக்க வேண்டுமானால் அந்தத் திருத்தத்துக்குப் பின் வந்த பதிப்பைக் கொடுங்கள்.