சம்பளமா, சொந்தக் கடையா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கூல்பார், அதாவது ஐஸ்கிறீம் கடை, என்று வைப்பம். வேலைக்கு நிற்கிற பெடியனுக்கு மாதம் முடியச் சம்பளம். ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு அவனிட்ட 8 வீதம் கழிபடும், முதலாளி 12 வீதம் போடவேணும், ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கும் முதலாளியே 3 வீதம். (போடாத முதலாளிமாரும் இருக்கினம்.)

முதலாளிக்கு வாடகை, கரண்ட் பில், ஆட்சம்பளம் எல்லாம் குடுத்து மிஞ்சினால்தான் காசு. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு. உருகின ஐஸ்கிறீம் முதலாளியின்ர தலையில். பெடியனுக்குச் சம்பளம் வந்தது, ஆனால் விலைவாசி அதை விழுங்கிப்போட்டுது.

நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழா 25 நாளும் சனம் குவியும், கதை மாறும். வேலையில் இரண்டு பேருக்கும் முதுகு முறியும். லாபம் முதலாளிக்கு, பெடியனுக்கு மிஞ்சிப்போனால் ஒரு சந்தோசக்காசு. இரவு அவன் சைக்கிளை எடுத்திடுவான், முதலாளி கணக்குக் கொப்பியோடு இருப்பார்.

கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசில்லாத பிள்ளைகுட்டிக்காரரைக் கடை போடச் சொல்லமாட்டன்.