பெல்லட் கிரில்லில் வான்கோழிக் கால்: சூடு அருமை, புகை போதாது

மரத்தூள் குச்சியில் எரியும் பெல்லட் கிரில் அடுப்பு ஒன்று எதில் கெட்டி, எதில் ஓட்டை என்று தெரிந்துகொள்ள மாட்டின் மார்புக் கறியான பிரிஸ்கெட் வாங்கிப் பணத்தையும் இரவுத் தூக்கத்தையும் செலவழிக்கத் தேவையில்லை. நான்கு வான்கோழிக் கால்கள் போதும். மூன்று மணி நேரத்தில் மொத்தக் குட்டும் வெளிப்பட்டுவிடும். அந்தக் காலின் சதை நாள் முழுக்க நடந்து உரமேறியது. ஏறி இறங்காத மிதமான சூட்டில்தான் இளகும். அதன் தோலோ கடும் சூடு கேட்கும். டிஸ்னி பூங்காவிலும் டெக்சஸ் ஸ்டேட் ஃபேர் என்னும் திருவிழாவிலும் கையில் பிடித்துக் கடிக்கத் தருகிறார்களே, அந்தச் சுவை வேண்டுமென்றால் நல்ல புகையும் வேண்டும். இந்த மூன்றில் முதலாவதை பெல்லட் கிரில் தானாகவே செய்துவிடுகிறது. இரண்டாவதைச் சொன்னால் செய்கிறது. மூன்றாவதற்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும்.

ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் உருவாக்கியது இந்த வகை அடுப்பு. 1986-இல் வாங்கிய காப்புரிமை 2006-இல் முடிந்ததும் பிட் பாஸ், கேம்ப் செஃப், வெபர் என்று பலரும் களமிறங்கினார்கள். யாருடையதாக இருந்தாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பக்கவாட்டுத் தொட்டியில், அதாவது ஹாப்பரில், பெல்லட் என்னும், மரத்தூளை அழுத்திச் செய்த பென்சில் பருமன் குச்சிகளைக் கொட்டுகிறோம். ஆகர் என்னும் திருகுத்தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலுள்ள சிறு தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சார இக்னைட்டர் பற்றவைக்கிறது, விசிறி காற்று ஊதுகிறது. வெப்ப உணரி சொல்வதைக் கேட்டு கன்ட்ரோலர் ஆகரை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறது. தீக்கிண்ணத்தின் மேல் ஒரு இரும்புத் தகடு, அதன் மேல் கொழுப்பு வடியும் சாய்வுத் தட்டு, அதற்கும் மேலேதான் இறைச்சிக் கம்பி. தீ நேராக இறைச்சியில் படாது. ஆகவே இதை விறகில் எரியும் கன்வெக்‌ஷன் ஓவன் என்று நினைத்து வாங்குங்கள், ஏமாற்றம் இருக்காது. கரி அடுப்பின் கருகல் சுவையை எதிர்பார்த்து வாங்கினால் நிச்சயம் ஏமாற்றம்தான்.

வீட்டு அளவுக்கு டிரேகர் ப்ரோ 575 போன்ற நடுத்தர மாடல் போதுமானது. 575 சதுர அங்குலப் பரப்பு, 18 பவுண்டு (சுமார் 8 கிலோ) பிடிக்கும் ஹாப்பர், வைஃபை, இறைச்சியில் குத்தி உட்சூட்டை அளக்கும் ஒரு புரோப். எட்டுக் கால்களை ஒன்றோடொன்று முட்டாமல் கீழ்க்கம்பியிலேயே அடுக்கலாம். அதே நிறுவனத்தின் ஐயர்ன்வுட் வரிசையில் உள்ள ‘சூப்பர் ஸ்மோக்’ என்ற கூடுதல் புகை வசதி இதில் கிடையாது. வான்கோழிக் காலுக்காக மட்டும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஏனென்றால் சில டாலர் விலையுள்ள ஒரு துளைக்குழாய் அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது.

புகை ஏன் குறைகிறது? விசிறி ஊதுவதால் பெல்லட் சுத்தமாக எரிந்துவிடுகிறது. சுத்தமான எரிப்பு என்றால் மெல்லிய நீலப்புகை. அது கசக்காது, கண்ணையும் எரிக்காது. ஆனால் மூன்று மணி நேரத்தில் ஒரு தடித்த காலுக்குள் அது பதிக்கும் மணம் கொஞ்சம்தான். சூட்டை ஏற்ற ஏற்ற இன்னும் குறையும். எனவே மேலே சொன்ன துளைக்குழாயான 12 அங்குல ஸ்மோக் டியூப் ஒன்று வாங்கி, முக்கால் பாகம் பெல்லட் நிரப்பி, ஒரு முனையை டார்ச்சால் நான்கைந்து நிமிடம் காட்டிப் பற்றவையுங்கள். தீ நன்றாகப் பிடித்ததும் ஊதி அணைத்துவிட்டு, கம்பியின் ஓரத்தில் படுக்கவையுங்கள். கனன்றபடியே மணிக்கணக்கில் புகையும். பற்றவைத்த உடனே ஊதிவிட்டால் பாதியில் அவிந்துபோகும். இந்த டியூபில் அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அதுதான்.

பெல்லட் மூட்டையில் ‘ஹிக்கரி’ என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பல மூட்டைகளில் ஓக் அல்லது ஆல்டர்தான் அடிப்படை, பெயர்போன மரம் ஒரு பங்கு. நூறு சதவீதம் ஒரே மரம் என்று போட்டிருந்தால் விலை கூடும், மணமும் கூடும். வான்கோழிக்கு ஹிக்கரியும் செர்ரியும் பாதிக்குப் பாதி கலந்தால் மணத்துக்கு மணம், தோலுக்குச் செம்மரக் கட்டை நிறம். மெஸ்கீட் வேண்டாம், கோழியினத்துக்கு அது மிஞ்சிய காரம்.

அடுப்பைவிட முக்கியமான விஷயம் காலைத் தேர்ந்தெடுப்பது. பெட்டை வான்கோழியின் கால் சிறியது, சீக்கிரம் வறண்டுவிடும். சேவலின் கால் ஒவ்வொன்றும் 500 முதல் 700 கிராம் இருக்கும், அதுதான் வேண்டும். பொட்டலத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று போட்டிருந்தால் கீழே சொல்லும் உப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். ‘ஸ்மோக்ட் டர்க்கி லெக்’ என்றே எழுதிய பொட்டலம் ஏற்கெனவே புகையிட்டது. கீரையோடும் பீன்ஸோடும் போட்டு வேகவைக்கவே அதை வாங்குவார்கள்; இந்த வேலைக்கு ஆகாது.

திருவிழாக் கடைக் கால் பன்றித் தொடை போல இளஞ்சிவப்பாக, சுவையிலும் அதையே ஒத்திருப்பதற்குக் காரணம் புகை மட்டுமல்ல, நைட்ரைட் ஊறல். நான்கு கால்கள் 2.4 கிலோ என்றால் தண்ணீர் 2.6 லிட்டர் எடுங்கள். இரண்டும் சேர்த்து 5 கிலோ. அதற்கு 100 கிராம் உப்பு, 50 கிராம் பழுப்புச் சர்க்கரை, 12 கிராம் பிராக் பவுடர் நம்பர் 1 என்னும் இறைச்சி ஊறல் உப்பு. இந்தப் பவுடரில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் உண்டு. கரண்டிக் கணக்கு கூடவே கூடாது, கிராம் தராசில்தான் நிறுக்க வேண்டும். தவறுதலாக வாயில் போட்டுவிடாமலிருக்க இதற்கு ரோஜா நிறம் ஏற்றியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்துப்பும் அதே நிறத்தில்தான் இருக்கும்! இரண்டும் முற்றிலும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் ஒரு பக்கம் ஊறலே பிடிக்காது, மறுபக்கம் நஞ்சாகும். டப்பாவில் பெயர் எழுதி, மசாலா அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள்.

கரைசல் முழுதாக ஆறிய பிறகே கால்களை அமிழ்த்தி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்க வேண்டும். தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். எலும்பை ஒட்டிய சதைக்கு ஊறல் கடைசியாகத்தான் போய்ச் சேரும். வெந்தபின் வெட்டிப் பார்த்தால் வெளியே சிவப்பு, நடுவே சாம்பல் என்று இருந்தால் நாள் போதவில்லை என்று அர்த்தம். ஊசியால் அதே கரைசலை எலும்போரம் இரண்டு மூன்று இடத்தில் செலுத்தினால் இந்தக் குறை வராது. பிறகு கழுவி, துடைத்து, கம்பித் தட்டில் மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் காயவிடுங்கள். ஈரத் தோல் மொறுமொறுக்காது. மேலே மிளகு, பாப்ரிகா, பூண்டுத் தூள் தடவலாம். உப்பு சேர்ந்த மசாலாப் பொடி (ரப்) வேண்டாம். நைட்ரைட் பிடிக்காதவர்கள் லிட்டருக்கு 60 கிராம் உப்பில் 12 மணி நேரம் ஊறவைத்தால் போதும். அது நல்ல ரோஸ்ட் வான்கோழியாக வரும், திருவிழாக் காலாக வராது.

இனி அடுப்பு. 225 டிகிரி பாரன்ஹீட் (107 செல்சியஸ்) வைத்து, டியூபில் புகை பிடித்ததும் கால்களை அடுக்குங்கள். தீக்கிண்ணத்துக்கு நேர்மேலே உள்ள இடம் எப்போதும் சற்றுக் கூடுதலாகச் சுடும். சிறிய கால்களை அங்கிருந்து தள்ளி வைத்து, தடித்தவற்றை அங்கே வையுங்கள். எலும்பு முனை கருகாமலிருக்க ஒரு துண்டு ஃபாயில் சுற்றலாம். உட்சூடு 140 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சூடு விழும், கன்ட்ரோலர் பதறி பெல்லட்டை அள்ளிப் போடும், பிறகு குறித்ததற்கு மேலே எகிறும். இந்த அடுப்பின் பெரிய பலமே சீரான சூடுதான். அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

உட்சூடு 140 தொட்டதும் அடுப்பை 325-க்கு ஏற்றுங்கள். இந்தப் படியை விட்டால் தோல் செருப்புத் தோல்தான்! 225-இல் தோலடிக் கொழுப்பு உருகாது, ரப்பராகவே நின்றுவிடும். 325-இல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் தோல் இறுகி, உட்சூடும் 180-ஐ எட்டும். அமெரிக்க வேளாண் துறை கோழியினத்துக்குச் சொல்லும் பாதுகாப்பு எல்லை 165 டிகிரி (74 செல்சியஸ்). ஆனால் அங்கே நிறுத்தினால் கால் கடிபடாது. 175-ஐத் தாண்டி 185 வரை போகும்போதுதான் சதையை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, சதை எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். மார்புக் கறிக்கு இது நாசம். காலுக்கு இதுதான் பக்குவம். நிறத்தை நம்ப வேண்டாம், ஊறிய சதை 180-லும் சிவப்பாகவே இருக்கும். புரோபை எலும்பில் படாமல் தடித்த சதையின் நடுவில் குத்துங்கள். கூடவே கையில் பிடிக்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே புரோபால் எட்டுக் கால்களை அளக்க முடியாது.

சாப்பிடும்போது எலும்பு போலக் கெட்டியான நீளக் குச்சிகள் அகப்படும். எலும்பாகவே இறுகிப்போன தசைநாண்கள் அவை. வெந்த பின் முனைத் தோலை வெட்டிவிட்டுக் குறட்டால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

மொத்தச் சமையலுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பெல்லட் செலவாகும். குளிர்காலத்தில் இன்னும் கூடும். மின்சாரமும் வேண்டும் என்பதால் மழையில் நனையாத, வெளிப்புறத்துக்கென்றே உள்ள பிளக் தேவை.

கோளாறுகளில் முக்கால்வாசி சாம்பலாலும் ஈரத்தாலும் வருபவை. பெல்லட் ஈரம் இழுத்தால் மறுபடி மரத்தூளாகி ஆகரில் சிமெண்ட் போல இறுகிவிடும். ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள்: ‘டக்’ என்று உடைய வேண்டும், நொறுங்கக் கூடாது. ஹாப்பரில் மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் மூடியுள்ள வாளிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மூட்டை தீர்ந்ததும், நன்றாக ஆறிய பிறகு, தீக்கிண்ணச் சாம்பலை ஷாப் வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும். சாம்பல் மூடினால் தீ நடுவில் அணையும். அணைந்தது தெரியாமல் ஆகர் பெல்லட்டைக் குவிக்கும். அதன்மேல் மறுபடி பற்றவைத்தால் மஞ்சள் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி, மூடியே தூக்கி அடிக்கலாம். எனவே தீ அணைந்துவிட்டால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். வான்கோழித் தோல் நிறையக் கொழுப்பு விடும். சாய்வுத் தட்டைச் சுரண்டாமல் அடுத்தமுறை 325-க்கு ஏற்றினால் கொழுப்புத் தீ பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியை மூடி, அடுப்பை அணையுங்கள். சாதாரண நாளில் பிளக்கைப் பிடுங்கி நிறுத்துவதும் தவறு. ஷட் டவுன் சுற்று முடியும் வரை விசிறி ஓடினால்தான் மிச்ச பெல்லட் எரிந்து தீரும். இல்லையென்றால் கனல் ஆகர் வழியே ஹாப்பரை நோக்கிப் பின்னேறும்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தளம் உள்ளவர்கள், விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு அடுப்படியிலேயே நிற்க விரும்பாதவர்கள் தயங்காமல் வாங்கலாம். காலுக்கு 5-க்கு 4 மதிப்பெண், டியூப் சேர்த்தால் நாலரை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் குடியிருப்பு விதியைப் படியுங்கள். பல இடங்களில் பால்கனியில் இதற்கு அனுமதி இல்லை. கராஜுக்குள் வைத்து எரிப்பதோ கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து.