பூட்டன் பெயரைத் தேட: கூகுள் புக்ஸா, ஸ்காலரா, ஆர்க்கைவா?

பூட்டன் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். வெள்ளைக்காரன் காலத்து நெல்லைச் சீமையின் அறிக்கை, கெஜட்டியர் எனும் மாவட்ட விவரத் தொகுப்பு, தீர்ப்புத் தொகுப்பு எல்லாம் ஆங்கிலத்தில் அச்சானவை. அவற்றுக்குள் நுழைய கூகுள் புக்ஸ், கூகுள் ஸ்காலர், இன்டர்நெட் ஆர்க்கைவ் என மூன்று வாசல்கள். ஒன்றோடு மட்டும் மல்லுக்கட்ட நேரமிருந்தால் ஆர்க்கைவைப் பிடியுங்கள்.

வேகத்தில் முந்துவது கூகுள் புக்ஸ். எந்த நூலில் இருக்கிறதென்றே தெரியாதபோது முதல் வலையை அங்கே வீசலாம். தொல்லை என்னவென்றால், பல நூல்கள் துண்டு துண்டாகவே தெரியும். தெரிகிற கடைசி ஐந்தாறு சொற்களை மேற்கோள்குறிக்குள் போட்டு மறுபடி தேடினால் சில சமயம் அடுத்த துண்டு கிடைக்கும். ஆண்டு வெளியீடுகளில் முதல் தொகுதியின் ஆண்டே மற்றவற்றுக்கும் ஒட்டியிருப்பதுண்டு. தலைப்புப் பக்கத்தைப் பார்க்காமல் வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் ஸ்காலரில் ஆள் பெயரைத் தேடுவது வீண்வேலை. ஊர், ஜமீன், சாதி, தொழில் என்று தேடினால் கட்டுரைகள் வரும். அதோடு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடுகளையும் பாருங்கள்; இயல் இயலாக பிடிஎஃப் கிடைக்கும். அடிக்குறிப்பில் அரசாணை எண்ணும் தேதியும் இருந்தால் குறித்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். ஸ்காலரின் பயன் அந்த அளவுதான்.

ஆர்க்கைவைத் தூக்கிப் பேசக் காரணம் ஒன்றே: காப்புரிமை தீர்ந்த நூலின் எழுத்துக் கோப்பு முழுதாகக் கைக்கு வருகிறது. தேடுபெட்டியில் நூல் விவரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தைத் தேடும்படி மாற்றுங்கள். நூலைத் திறந்ததும் தரவிறக்கப் பட்டியலில் 'ஃபுல் டெக்ஸ்ட்' எடுத்து, கன்ட்ரோல் எஃப் போட்டு விதவிதமான எழுத்துக்கூட்டலில் துழாவலாம். நம் சீமைக்கு இது இல்லாமல் முடியாது. திருநெல்வேலி அன்று 'டின்னவெல்லி'. இரட்டை என், இரட்டை எல், கடைசியில் ஒய். பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா', கடைசியில் ஏ, எச். வரி முடிவில் சொல் உடைந்திருந்தால் முழுச்சொல் தேடல் தவறவிடும். ஆகவே 'வெல்லி', 'கோட்டா' என்று பாதியை மட்டும் தட்டுங்கள். பிள்ளை என்பது ஏ-ஐ, ஏ-ஒய் என்று இரண்டு விதமாகவும் முடியும். சுப்பிரமணியன் எஸ்-யு என்றும் எஸ்-ஓ-ஓ என்றும் தொடங்கும். நடுவிலுள்ள பி-ஆர்-ஏ மூன்றெழுத்தைத் தேடினால் இரண்டும் சிக்கும். லைப்ரரி, பிராஞ்ச் எல்லாம் கூடவே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதில் துழாவுவது? 1876-இல் தொடங்கிய இந்தியச் சட்ட அறிக்கைகளின் மதராஸ் வரிசையில், டின்னவெல்லி ஜில்லா நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடுகளில் வாதி பிரதிவாதி பெயர்கள் வரும். பாகப்பிரிவினை வழக்கென்றால் இரண்டு மூன்று தலைமுறை உறவே எழுதியிருக்கும். பெண்கள் பெயர் தென்படுவதும் பெரும்பாலும் இங்கேதான்: விதவையின் சொத்துரிமை, சுவீகாரம். மதராஸ் பல்கலைக்கழக நாட்காட்டிகளில் பட்டதாரிகள் பெயர் உண்டு. வேதத்தில் சேர்ந்த, அதாவது கிறித்தவரான குடும்பமென்றால் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கங்களின் அறிக்கைகளில் உபதேசியார் பெயர் ஊரோடு வரலாம். நிலவழக்கு, படிப்பு, சபை மூன்றுமில்லாத வீட்டுக்கு எந்தத் தளமும் பெரிதாக உதவாது. பத்திரமும் பட்டாவும்தான் கதி.

தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தவை. ஒட்டப்பிடாரத்துக்காரரும் சங்கரன்கோவில்காரரும் பழைய தாள்களில் டின்னவெல்லி என்றே தேட வேண்டும். ஞானமுத்துவும் மாடசாமியும் ஊருக்குப் பத்துப் பேர். ஊர், தகப்பன் பெயர், காலம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தும்வரை பென்சிலால் மட்டும் எழுதி வையுங்கள்.