இஸ்தானா ஓப்பன் ஹவுஸ்: கொத்தனார் அப்பாவோடு ஒரு சுற்று

பதினாலு வருடமாகச் சிங்கப்பூரில் தோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஏறி இறங்குகிறேன். பிளாசா சிங்கப்பூராவுக்குப் போகிற வழியில் இஸ்தானாவின் அந்தப் பெரிய கேட்டையும் அங்கே அசையாமல் நிற்கிற காவலர்களையும் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஆனால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால்தானே நமக்கே சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கத் தோன்றும்? இந்தத் தடவை அப்பா வந்திருந்தார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். செந்தோசா, மரினா பே எல்லாம் காட்டியாயிற்று. எதற்கும் "நல்லாருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. சரி, தீபாவளிக்கு இஸ்தானாவைத் திறக்கிறார்கள், அதையும் காட்டிவிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். போய்வந்து இரண்டு வாரமாகிறது, மனிதர் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

முதலில் போகிறவர்களுக்கு வேண்டிய விவரம். இஸ்தானா என்றால் மலாய் மொழியில் அரண்மனை. அதிபரின் அதிகாரபூர்வ இல்லம் இது, பிரதமர் அலுவலகமும் இதே வளாகத்துக்குள்தான். வருடத்துக்கு ஐந்து முறை பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தொழிலாளர் தினம், தேசிய தினம், தீபாவளி. விழா நாளன்றே இருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், முன்னே பின்னே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைப்பதும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம். அப்பா அந்தக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வாப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கட்டடத்துக்குள் வழிகாட்டியோடு போய்வர தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். அதைத் தவறவிடாதீர்கள், அது இல்லையென்றால் பெரிய தோட்டத்தில் நடந்துவிட்டு வந்த கதைதான்.

நான் செய்த தவறு ஒன்று. இணையத்தில் யாரோ எப்போதோ எழுதியதைப் படித்துவிட்டு, மதியத்துக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது என்று நம்பினேன். கூட்டமும் இருந்தது, வெயிலும் இருந்தது. கேட்டிலிருந்து கட்டடத்துக்கு மேட்டில் ஏறி நடக்க வேண்டும், நானோ புதுச் செருப்பு. வளாகம் 40 ஹெக்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 100 ஏக்கர். ஆர்ச்சர்ட் ரோட்டு இரைச்சல் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிப்போய், தூங்குமூஞ்சி மரங்களும் புல்வெளியும் குளமுமாக வேறு ஊருக்கே வந்துவிட்டது போல இருக்கிறது. ஒன்பது குழி கோல்ஃப் மைதானம்கூட உள்ளே உண்டு. அப்பாவுக்கு அதில் ஆர்வமில்லை. "இவ்வளவு எடத்தையும் சும்மா புல்லு போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

புல்லுக்கு முன்னால் இங்கே இருந்தது சாதிக்காய்த் தோட்டம். கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப் என்பவருடையது. பக்கத்தில் இருக்கிற பிரின்செப் ஸ்திரீட் அந்தப் பெயர்தான். 1850களில் நோய் விழுந்து சிங்கப்பூரின் சாதிக்காய்த் தோட்டங்கள் எல்லாம் அழிந்தன. அதற்கும் முன்பு ஆளுநரின் வீடு ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்தது, கோட்டை கட்டுவதற்காக 1859இல் அதை இடித்துவிட்டார்கள். 1867இல் சிங்கப்பூர் நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தபோது வந்து இறங்கிய ஆளுநர் ஹேரி ஆர்டுக்குத் தங்க அரசாங்க வீடு என்று எதுவும் இல்லை. அவர் இந்தத் தோட்ட நிலத்தை வாங்கச் செய்து கட்டடம் எழுப்பினார். வரைபடம் போட்டவர் காலனித்துவப் பொறியாளர் மெக்நேர். 1869இல் வேலை முடிந்தது. விக்டோரியா ராணியின் மகன் ஆல்ஃபிரட் இளவரசர் அந்த வருடம்தான் சிங்கப்பூருக்கு வந்தார், அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று விரட்டி விரட்டி வேலை வாங்கியிருப்பார்கள் என்பது அப்பாவின் ஊகம். மந்திரி வருகிறார் என்றால் ராவோடு ராவாக வெள்ளையடித்த அனுபவம் அவருக்கு நிறைய.

யார் கட்டினார்கள் என்பதுதான் விஷயம். வழிகாட்டியாக வந்த பெண் கல்லூரி மாணவி போல இருந்தார், நிதானமான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தியக் கைதிகள் என்று அவர் சொன்னதும் நான் அப்பாவின் காதில் மொழிபெயர்த்தேன்.

"ஏம்ப்பா, கைதின்னா? கொலைகாரனா?"

"எல்லாரும்தான் இருந்திருப்பாங்க. மெட்ராஸ், வங்காளம், பம்பாய்னு எல்லா எடத்துலேருந்தும் கப்பல்ல கொண்டாந்தாங்க."

"வேலை தெரிஞ்சவனுவளா, இங்க வந்து கத்துக்கிட்டானுவளா?"

இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. உண்மையில் இரண்டும்தான். 1825இலிருந்து வரத் தொடங்கிய கைதிகளுக்கு இங்கேயே கல் உடைக்கவும் செங்கல் சுடவும் தச்சு வேலை, பூச்சு வேலை செய்யவும் பழக்கினார்கள். சாலை, பாலம், கலங்கரை விளக்கம் என்று அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் பாதி அவர்கள் கைவேலை. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதுதான், அதன் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு. மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். இதைச் சொன்னதும் அப்பா நின்றுவிட்டார். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் தெரிகிற மாதிரி இழைப்பதும் கிட்டத்தட்ட அதே பக்குவம்தானே, கடுக்காயும் கருப்பட்டியும் சேரும், அவ்வளவுதான். அவருடைய தாத்தா காலத்தில் செய்ததாம், அவருக்கே சிமெண்டு வந்த பிறகுதான் தொழில்.

அதற்குப் பிறகு அவர் அறைகளைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்க, இவர் பின்னால் நின்று புறங்கையால் ஒரு தூணை மெதுவாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி சிரித்துவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "பூச்செல்லாம் புதுசுப்பா, பெயிண்ட் மேல பெயிண்ட். அவனுவ கை பட்டது எதுவும் இப்ப நம்ம கைக்குத் தட்டுப்படாது" என்று முடித்துவிட்டார். 1996இலிருந்து 1998 வரை பெரிய புதுப்பிப்பு வேலை நடந்தது, ஆகவே அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அறைகள். நுழைந்ததும் வரவேற்புக் கூடம், அப்புறம் அரசாங்க நிகழ்ச்சிகள் நடக்கும் கூடம், விருந்து மண்டபம், கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு சந்திப்பு அறை. பதவிப் பிரமாணம், வெளிநாட்டுத் தலைவர்களுக்கு விருந்து என்று செய்தியில் பார்ப்பதெல்லாம் இங்கேதான். உயரமான கூரை, தொங்கும் சரவிளக்கு, நீள நீள ஜன்னல். டிவியில் பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு பெரிதில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. மைசூர் அரண்மனை போல கண்ணைப் பறிக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். இது காற்று வருவதற்காகக் கட்டிய வீடு, சுற்றிலும் தாழ்வாரம், பலகைக் கதவு வைத்த ஜன்னல். பார்வைக்கு ஐரோப்பிய பாணி, உள் அமைப்பில் மலாய் வீட்டின் சாயல். மற்ற நாட்டுத் தலைவர்கள் கொடுத்த பரிசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறார்கள், குழந்தைகள் அங்கேதான் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டேன்.

அப்பாவின் அடுத்த கேள்வி, அதிபர் எந்த அறையில் தூங்குவார்? இந்தக் கட்டடத்தில் யாரும் தூங்குவதில்லை, இது அலுவலகமும் விருந்து மண்டபமும்தான். நம் எஸ்.ஆர்.நாதன் 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு வருடம் அதிபராக இருந்தும் சிலோன் ரோட்டில் தன் சொந்த வீட்டிலிருந்துதான் வந்துபோனார். முதல் அதிபர் யூசோஃப் இஷாக் வளாகத்துக்குள் குடியிருந்தார், ஆனால் பெரிய மாளிகை வேண்டாம் என்று ஸ்ரீ மெலாத்தி என்ற சின்ன பங்களாவில். அந்த வீடு இப்போது இல்லை, கறையான் அரித்து 1970களில் இடித்துவிட்டார்கள். "கறையான்னா சும்மாவா" என்று அப்பா தலையாட்டினார், என்னவோ அதிபரே அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. 1959இல் யூசோஃப் இஷாக் நாட்டுத் தலைவராகப் பதவியேற்றபோதுதான் கவர்ன்மெண்ட் ஹவுஸ் என்ற பெயர் போய் இஸ்தானா நெகாரா ஆனது, பிறகு வெறும் இஸ்தானா. இடையில் ஜப்பான்காரர்கள் காலத்தில் அவர்களுடைய தளபதிகள் இங்கே குடியேறியிருந்தார்கள். 2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்னம் இதே இடத்தில் அதிபராகப் பதவியேற்றதை வீட்டில் டிவியில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தால் இன்னும் இரண்டு மூன்று இடம் உண்டு. குளக்கரையில் விக்டோரியா ராணியின் பளிங்குச் சிலை, 1887 பொன்விழாவுக்காகச் சீன சமூகத்தார் கொடுத்தது, ஒரு காலத்தில் விருந்து மண்டபத்துக்குள் இருந்ததாம். ஸ்ரீ தெமாசெக் என்ற வீடு பிரதமருக்கு ஒதுக்கியது. 2015இல் முதல் பிரதமர் லீ குவான் இயூ காலமானபோது உறவினர்கள் அஞ்சலி செலுத்த முதல் இரண்டு நாள் அவர் உடலை அங்கேதான் வைத்திருந்தார்கள். சாதிக்காய்த் தோட்டத்தின் நினைவாக ஒரு நறுமணச்செடித் தோட்டமும் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்று அப்பா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டார். பறிக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், கீழே கிடந்த இலைதானாம்.

திரும்பி இறங்கும்போது என் கால் கொப்பளித்துப் போயிருந்தது. எழுபது வயதுக்காரர் முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருக்கிறார். கேட்டைத் தாண்டி எம்ஆர்டி பக்கம் வந்தபோது, ஒரு காலத்தில் இந்த இடத்தில் சிவன் கோயில் இருந்தது, 1980களில் எம்ஆர்டி வேலைக்காக எடுத்தார்கள், இப்போது அது கேலாங் ஈஸ்ட்டில் இருக்கிறது என்றேன். தோபி காட் என்ற பெயரே துணி வெளுத்தவர்களால் வந்தது என்றும் சொன்னேன். அதையெல்லாம் கேட்டுக்கொண்டாரே தவிர அவர் மனசு வேறெங்கோ இருந்தது.

ரயிலில் உட்கார்ந்த பிறகு, "கூலி குடுத்தாங்களா அவனுவளுக்கு?" என்றார்.

நாளுக்கு இருபது காசு என்று படித்திருக்கிறேன், சொன்னேன்.

"அப்ப அரிசி என்ன வெலை?"

தெரியவில்லை. லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா சந்தையில் சாப்பிட்டோம். அடுத்த ஓப்பன் ஹவுஸ் சீனப் புத்தாண்டுக்கு, அதற்குள் அவர் ஊருக்குப் போயிருப்பார். நீங்கள் போவதாக இருந்தால் காலையில் திறக்கும்போதே போங்கள், கட்டடத்துக்கான சீட்டை முதலில் வாங்குங்கள், குடையும் தண்ணீர் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய செருப்பைப் போடுங்கள். அந்த நாளுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் எதிரே இஸ்தானா பூங்காவில் இருக்கும் மரபுடைமைக் கூடத்துக்குப் போகலாம், அங்கே கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கேட்டருகே காவலர் மாற்றும் சடங்கும் பார்க்கலாம்.