புது பூட்ஸைப் பழசாக்கித் தரும் டவுன் அண்ணாச்சி

கவசம் எங்கே தேயும், எங்கே தேயாது என்று தெரிந்த ஒருவர் திருநெல்வேலி டவுனில் இருக்கிறார். வாகையடி முக்கிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் கடை. போர்டு கிடையாது, நாடக டிரஸ் வாடகைக்குத் தருகிற அண்ணாச்சி என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். வாடகை வியாபாரம் ஒரு பக்கம் இருக்க, நாம் கொண்டுபோகிற பூட்ஸ், மார்க்கவசம், இடைவார், வாள் உறை எல்லாவற்றையும் பல வருஷம் உழைத்த பொருள்போல மாற்றியும் கொடுக்கிறார். நாடகம், குறும்படம் என்று அலைகிறவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

எங்கள் குழு போடுவது கட்டபொம்மன் நாடகம். கும்பெனி அதிகாரிகளுக்கு முழங்கால் உயர பூட்ஸ், நாயகனுக்கு மார்க்கவசம், தோள் கவசம். (1799 சண்டையில் இப்படிக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள், அது மேடை வழக்கம், ஊர்க்கூட்டம் அதை எதிர்பார்க்கிறது, சரி.) எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை. பெட்டியைத் திறந்தால் கல்யாண வீட்டு மாப்பிள்ளை ஷூ மாதிரி மினுங்குகின்றன. இதைப் போட்டுக்கொண்டு போர்க்களத்திலிருந்து வருகிறேன் என்று வசனம் பேசினால் முதல் வரிசைப் பையனே நம்ப மாட்டான்.

பூட்ஸைக் கையில் வாங்கியதும் அண்ணாச்சி செய்த முதல் காரியம், உள்பக்க மடிப்பில் நகத்தால் கீறிப் பார்த்தது. "இது தோலு இல்ல தம்பி, ரெக்சினு. உப்புத்தாள் போட்டா உள்ள இருக்க வெள்ளத் துணி பல்லக் காட்டிரும்லா" என்றார். இணையத்தில் வருகிற வீடியோ எல்லாம் உப்புத்தாளையும் கம்பி பிரஷையும் எடுத்துத் தேய் என்றுதான் சொல்லும். அது நிஜத் தோலுக்குச் சரி. தோலில் மேல்பூச்சு போனால் அடியில் இருக்கிற தோலின் நிறம் வெளிறிக்கொண்டு வரும், பார்க்க அழகாக இருக்கும். ரெக்சின் என்பது துணிமேல் படிந்த பிளாஸ்டிக் படலம், தேய்த்தால் துணிதான் வரும். அசிட்டோன், தின்னர் எதையும் அதன்மேல் தாராளமாகத் தடவக்கூடாது, படலம் இளகிப் பிசுபிசுத்துவிடும். அதனால் இவர் தேய்மானத்தைச் சுரண்டி எடுப்பதில்லை, நிறத்தால் ஏற்றுகிறார். பளபளப்பு மட்டும் போகிற அளவுக்கு மிக நைஸான தாளால் லேசாக ஒரு தடவல், அப்புறம் அக்ரிலிக் பழுப்பில் இரண்டு மூன்று சாயல், காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி.

எங்கே ஒற்றுகிறார் என்பதில்தான் வேலையே இருக்கிறது. "ஆளு குதிரையில வாரவனா, நடந்து வாரவனா?" என்று கேட்டார். குதிரைக்காரன் என்றால் கெண்டைக்காலின் உள்பக்கம் சேணத்தில் உரசி வெளுத்திருக்கும், பாதத்தின் நடுவில் அங்கவடி (சேணத்திலிருந்து தொங்குகிற, கால் வைக்கிற வளையம்) பட்ட கோடு இருக்கும். நடக்கிறவனுக்கு நுனி, குதிகாலின் வெளி ஓரம், விரல் மடங்குகிற இடத்துச் சுருக்கம். வலது கைக்காரன் வாளை இடப்பக்கம்தான் தொங்கவிடுவான், அப்படியானால் உறை இடிக்கிற இடது பூட்ஸின் வெளிப்பக்கத்தில் மட்டும் கீறல். இரண்டு பூட்ஸும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் அது பெயின்ட் வேலை என்று கண் கண்டுபிடித்துவிடும். சும்மா அழுக்கை எடுத்து அப்புகிறவர்களுக்கும் இவருக்கும் உள்ள தூரம் இதுதான்.

புழுதி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம் வந்தது. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் மாதிரி செக்கச் செவேலென்று ஒரு பொடியைத்தான் எல்லா நாடகத்துக்கும் போடுவது அவர் வழக்கம், மேடையில் எடுப்பாகத் தெரியும் என்கிறார். கும்பெனித் தளபதி பேனர்மேனின் படை கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. ஐப்பசி மழைக்கு முந்திய காய்ந்த நேரம், ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காடு. அந்தப் பூமியில் நடந்து வந்தவன் காலில் சிவப்பு எப்படி ஏறும்? காய்ந்த கரிசல் சாம்பல் பூத்த கறுப்பாகத்தான் ஒட்டும். இதைச் சொன்னதும் மனுஷர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூசியதைத் துடைத்துவிட்டு, முல்தானி மிட்டியில் கரித்தூளும் கொஞ்சம் பழுப்பும் கலந்து மறுபடி போட்டார். கணுக்கால்வரை அடர்த்தியாக, முழங்காலுக்குப் போகப் போக மங்கலாக. கூடுதல் காசு கேட்கவில்லை. கயத்தாறில் அக்டோபர் 16 அன்று தூக்கிலிடும் காட்சிக்கும் அதே பூட்ஸ்தான், அங்கேயும் கரிசல்தான் என்பதால் நிறம் பொருந்தியது.

கவசம் ஃபோம் ஷீட்டில் செய்தது. அதற்கு முதலில் கறுப்பு அடித்து, காய்ந்த பிரஷில் கொஞ்சூண்டு வெள்ளி நிறம் எடுத்து மேடான இடங்களில் மட்டும் இழுத்து, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை முழுக்கப் பூசி உடனே துணியால் துடைக்கிறார். குழியில் இருப்பது அங்கேயே தங்கிவிடும். துரு நிறம் ஆணித்தலையைச் சுற்றியும் வார் பூட்டுகிற இடத்திலும்தான். வியர்வையும் ஈரமும் தங்குகிற இடம் அதுதானே. கை அடிக்கடி உரசுகிற விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்தார், இரும்பு தேய்ந்து மின்னுகிற அந்தப் பளபளப்பு அப்படியே வந்துவிட்டது. ஒரு யோசனை: மேடைக்கா கேமராவுக்கா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேடை விளக்கில் பாதி நுணுக்கம் வெளிறிப்போகும் என்று அவர் எல்லாவற்றையும் ஒரு பிடி தூக்கலாகத்தான் போடுவார், குளோசப்பில் அது உறுத்தும்.

குறை இல்லாமல் இல்லை. ஃபோமில் பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசுகிறார். நம் ஊர் வெக்கைக்கு வியர்வை பட்டதும் கழுத்தோரம் பிசுபிசுவென்று ஆகி, எங்கள் கட்டபொம்மன் பாதி வசனத்தைக் கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசும்படி ஆனது. உள்பக்கம் பருத்தித் துணி ஒட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், செய்வார். புழுதியின்மேல் மேட் வார்னிஷ் அடிக்கச் சொல்வதும் முக்கியம். அடிக்காத ஒரு ஜோடி பூட்ஸ் பக்கத்தில் நின்றவரின் வெள்ளை வேட்டியைக் கரிசல் காடாக்கிவிட்டது. சொன்ன தேதிக்குப் பொருள் கைக்கு வராது, ஒரு வாரம் முன்னால் தேதி சொல்லி வைப்பது நல்லது.

பூட்ஸ் ஜோடி 400 ரூபாய், மார்பும் தோளும் சேர்ந்த கவசம் 1,200 ரூபாய், பெயின்ட் செலவு அதிலேயே அடக்கம். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை இருக்கிறது. புரட்டாசியில் மட்டும் போகாதீர்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் கூட்டத்தில் கடைக்குள் கால் வைக்க முடியாது, பழசாக்குகிற வேலையை அந்த மாசம் அவர் எடுப்பதே இல்லை. ஆவணிக்குள் கொடுத்து வாங்கிவிடுங்கள், அல்லது தசரா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.