பிரெஸ்ஸோனை எந்தப் படத்தில் தொடங்குவது?

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 98 வயது வரை வாழ்ந்தவர் (1901–1999). எடுத்தது என்னவோ 13 முழுநீளப் படங்கள்தான். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், எதில் தொடங்குவது என்பதுதான் சிக்கல். சினிமா நண்பர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும்: 'எ மேன் எஸ்கேப்டு' (1956), 'பிக்பாக்கெட்' (1959), 'ஓ அஸார் பல்தஸார்' (1966). முதலாவதுதான் என் ஓட்டு.

அதன் கதை ஒரே வரி. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த லியோன் நகரச் சிறையிலிருந்து ஒருவன் தப்பிக்கிறான். ஆந்த்ரே தெவிஞி என்பவருக்கு 1943-இல் உண்மையாகவே நடந்தது. தப்பிவிடுவான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. இருந்தும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருப்போம். கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்து உளியாக்குகிறான். கதவுப் பலகைகளின் இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறான். உதிர்ந்த மரத்தூளைக் கூட்டி மறைக்கிறான். கடைசி இரவில் இருட்டில் ஏதோ கிறீச்சிடுகிறது. என்னவென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகுதான் அது காவலாளி ஓட்டிவரும் சைக்கிள் என்று புரிகிறது. பார்க்க வைப்பதைவிடக் கேட்க வைப்பதில் பிரெஸ்ஸோன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இது ஒன்றே போதும். அவரே போர்க்கைதியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது இந்தப் படத்துக்குத்தான்.

'பிக்பாக்கெட்' இதைவிடச் சின்னப் படம், பலருக்கு இதைவிடப் பிடித்த படமும்கூட. பாரிஸில் உள்ள 'கார் த லியோன்' ரயில் நிலையக் காட்சியில் பர்ஸ்கள் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்தால் திருட்டு என்பதே மறந்துவிடும். கஸாகி என்ற நிஜக் கைவித்தைக்காரர் நடித்து, சொல்லிக்கொடுத்து எடுத்தது. ஆனால் நாயகன் ஏன் திருடுகிறான் என்பது கடைசி வரை மூடியே இருக்கிறது. பிரெஸ்ஸோன் நடிகர்களை வைத்துக்கொள்ள மாட்டார், 'மாடல்கள்' என்பார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பாவனை உதிர்ந்த பிறகுதான் எடுத்துக்கொள்வார். சிறைப் படத்தில் அந்த உணர்ச்சியற்ற முகம் இயல்பாகப் பொருந்துகிறது. அங்கே வாயைத் திறந்தால் ஆபத்து. பாரிஸ் கஃபேயில் அதே முகத்தைப் பார்க்கும் புதியவருக்கு, சரி, இவனுக்கு நடிக்க வரவில்லை போல என்றுதான் தோன்றும்.

'பல்தஸார்' ஒரு கழுதையின் வாழ்க்கை. பெயர் ஓடும்போது இசைமேதை ஷூபர்ட்டின் பியானோ இசையை இடைமறித்துக் கழுதை கத்துகிறது. அந்தத் துணிச்சலே தனி. சர்க்கஸில் அது புலியையும் யானையையும் பார்க்க, அவையும் பார்க்கின்றன. கண்கள் மட்டும், வேறொன்றும் இல்லை. மூன்றில் மிகச் சிறந்த படம் இதுதான், சந்தேகமில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பாதிக்குப் பாதி சொல்லாமல் தாவுவார். மிகச் சிறந்த படம் என்று இதில் தொடங்கி, பிரெஸ்ஸோனையே கைவிட்டவர்கள் உண்டு.

500 பிராங்க் கள்ளநோட்டில் தொடங்கிக் கோடரியில் முடியும் 'லார்ஜான்' (1983) அப்புறம். 1943, 1945-இல் வந்த முதல் இரண்டு படங்களுக்கு அவசரமே இல்லை. அவற்றில் தொழில்முறை நடிகர்கள் இருக்கிறார்கள்; நன்றாகவும் நடிக்கிறார்கள்.